வானத்துச் சட்டம் – 11: மேகத்துக்குள் போகலாமா?

2021 டிசம்பர் 8. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பிய எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி இறந்தார்.

இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியமும் இல்லை என்று முப்படை விசாரணை 2022 ஜனவரியில் சொன்னது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. 2024 டிசம்பரில் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை இதையே 'விமானக் குழுவின் மனிதப் பிழை' என்ற தலைப்பில் சேர்த்தது. அந்த ஒற்றை வரியோடு இதை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

மேகத்துக்குள் என்ன ஆகிறது? நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றில் திரவம். உடல் திரும்பும்போது திரவம் பின்தங்குகிறது. அதை வைத்துத்தான் மூளை 'திரும்புகிறோம்' என்று உணர்கிறது. திருப்பம் ஒரே சீராக நீடித்தால் திரவமும் குழலோடு சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும். அப்போது சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும் விமானி நேராகப் போவதாக நம்புவார். விமானத்தை நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். சரிசெய்கிறேன் என்று மறுபடி பழைய சாய்வுக்கே கொண்டுபோவார். அடிவானம் கண்ணுக்குத் தெரிந்தால் இந்த மயக்கம் உடனே தெளியும். மேகத்துக்குள் அடிவானம் ஏது?

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் செயற்கையாக உருவாக்கிய மேகச் சூழலில் ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆனது 178 விநாடி.

இதற்காகத்தான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்ற தனித்தகுதி. சர்வதேச விதிப்படி, தானே பொறுப்பேற்று 50 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து 40 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். நம் விமானப்படையில் இது வெள்ளை, பச்சை, மாஸ்டர் கிரீன் என்று படிப்படியாக உயரும். 

ஆனால் அந்தத் தகுதி 'நீ போகலாம்' என்று மட்டுமே சொல்கிறது. இன்றைக்கு, இந்த மேகத்துக்குள், இந்தப் பயணிகளோடு போவதா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன் சிறு விமானத்தில் இரவில் கடல்மேல் பறந்தார். கருவித் தகுதி அவருக்கு இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்து இரவில் பறப்பதை அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மூட்டம், இருட்டு. அடிவானம் கரைந்து மூவர் இறந்தார்கள். 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டை ஏற்றிச்சென்ற ஹெலிகாப்டர் விமானியின் நிலை நேரெதிர். அவரிடம் கருவித் தகுதி இருந்தது. அவருடைய நிறுவனத்துக்குத்தான் கருவிப் பறத்தலுக்கு அனுமதி இல்லை. மேகத்துக்குள் நுழைந்தார், ஒன்பது பேர் இறந்தார்கள். முன்னவர் சட்டத்துக்குள் நின்றும் தப்பவில்லை. பின்னவரைத் தகுதியும் காப்பாற்றவில்லை.

தரையிலும் இதே கேள்வி உண்டு. சென்னையை அடுத்த தண்டலம் வழியாகப் போகி அதிகாலையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்: பனியும் டயர்ப் புகையும் கலந்து, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் டிரைவரின் லைசென்ஸில், எத்தனை மீட்டர் தெரியாவிட்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்காது. தண்டலத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் கிழக்கே, மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானிக்கு எழுதியிருக்கிறது. ஐ.எல்.எஸ். என்ற கருவிவழி இறங்கும் முறையில், முதல் வகை இறக்கத்துக்கு ஓடுபாதையில் பார்வைத் தூரம் 550 மீட்டராவது வேண்டும். அதற்குக் குறைவு என்று தகவல் வந்தால் 1,000 அடிக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கி வந்தாலும், 200 அடியில் விளக்குகளோ ஓடுபாதையோ தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் கோ-அரவுண்ட்.

இந்த எண்களை எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக நினைக்கும் விமானியிடம் எனக்குப் பயம். 600 மீட்டர் தெரிந்தும், குறுக்குக்காற்றையும் தன் களைப்பையும் கணக்கில் வைத்துத் திரும்பிப் போகிறவரையே நான் நம்புவேன்.

அப்படித் திரும்பிப் போகச் சட்டமும் வழி செய்திருக்கிறது. சேருமிடத்துக்கு மட்டும் எரிபொருள் போட்டுக்கொண்டு ஜெட் விமானம் கிளம்ப முடியாது. மாற்று நிலையம் வரைக்கும், அங்கே வட்டமிட இன்னும் 30 நிமிடத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும். போகி காலையில் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்பப்படும் விமானங்கள் அந்த எரிபொருளில்தான் போய்ச் சேருகின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எரிச்சல், தவறிப்போகும் அடுத்த விமானம், நிறுவனத்தின் செலவு ஆகியவற்றையும் கேப்டன் சுமக்கிறார். வெலிங்டன் மாதிரி மலைக்கு மேலே ஓர் இடத்தில் விருந்தினருக்காக ஒரு விழா மேடை காத்திருக்கும்போது அந்தச் சுமை எவ்வளவு கூடும் என்பதை எந்த விதிப்புத்தகமும் அளந்து சொன்னதில்லை.

(அடுத்த வாரம்: கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7)