ஏலக்காயின் பசுமையும் வாங்குவோர் கடமையும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. சிலமலை போன்ற கிராமங்களின் ஸ்திரீ புருஷர்கள் அவற்றில் நெருக்கியடித்து ஏறி, போடி மெட்டைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் பறிக்கும் பச்சைக் காயில் ஏறக்குறைய 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ சரக்கு கிடைக்கும். அது போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்திற்கு வந்து சேருகிறது.

அங்கே விலையை நிர்ணயிப்பவை எவை? காயின் பருமனும் பச்சை நிறமுமே. இலைப்பேன் என்னும் சிறு பூச்சி இளங்காயின் தோலைச் சுரண்டினால் வடு விழுகிறது. இலேசான வடுவினால் உள்ளிருக்கும் விதை கெட்டுவிடுவதில்லை. எனினும் விலை சரிந்துவிடுகிறது. ஆகவே தோட்டக்காரர் திரும்பத் திரும்ப மருந்து தெளிக்கிறார். அதைத் தெளிப்பவனோ, அதே ஜீப்பில் வந்த கூலியாள்! ஏலப் பூவைக் காயாக்குவது தேனீ. அத்தேனீயையும் அம்மருந்து மாய்க்கிறது. கண்ணுக்கு அழகிய காயை வேண்டி, காய்க்கும் சக்தியையே இழப்பது விசித்திரமான வியாபாரந்தான்.

1923 அல்ல, 2023 ஜனவரியில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திரார். ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் வரம்பை மீறியிருந்ததாகச் சோதனையில் தெரியவரவே, சபரிமலை அரவணைப் பிரசாதத்தின் விற்பனையைக் கேரள ஹைகோர்ட் நிறுத்திற்று. 6 லட்சத்திற்கு மேற்பட்ட டப்பாக்கள் தேங்கின. பின்னர் ஏலக்காயின்றியே அரவணை தயாராயிற்று. அவ்வுத்தரவை 2024-இல் சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தது உண்மையே. ஆயினும் மலைச்சரிவில் எழுந்த கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

பழியை விவசாயி ஒருவர் தலையிலேயே சுமத்துவது நியாயமன்று. வடுப்பட்ட காய்க்குக் குறைந்த விலை கொடுக்கும் வியாபாரியும், பளபளப்பைக் கண்டு மயங்கும் நாமும் இதில் பங்காளிகள். மயிலாடும்பாறையிலுள்ள ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் குறைந்த மருந்தில் பயிர் செய்யும் முறைகளைப் போதிக்கலாம். அவற்றைக் கைக்கொள்வோருக்கு ஏலத்தில் நஷ்டம் நேருமானால் யார் கேட்பார்? ஒவ்வொரு லாட்டுக்கும் பருமன், நிறம் ஆகியவற்றுடன் மருந்து எச்சச் சோதனையின் முடிவையும் போர்டு அறிவிக்க வேண்டும். சோதனைச் செலவைச் சிறு விவசாயி தாங்கமாட்டார். அதனைப் போர்டும் ஏற்றுமதி வியாபாரிகளும் பகிர்ந்துகொள்வதே முறை. மொத்தமாகக் கொள்முதல் செய்யும் தேவஸ்தானங்களும் மிட்டாய்க் கம்பெனிகளும், சோதித்த காயில் சிறு வடு இருப்பினும் நல்ல விலைக்கு வாங்குவதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். அடுத்த காய்ப்பறிப்புக்கு முன்பே இதனைத் தொடங்கலாம்.