தானியப் பைகளில் காற்றுக் கசிவுச் சோதனை

தானியப் பைகளில் காற்றுக் கசிவுச் சோதனை என்பது, நெய்த பிளாஸ்டிக் சாக்கினுள் பாலித்தீன் உறைகள் கொண்ட காற்றுப்புகாப் பைகளில் ஓட்டை ஏதும் உள்ளதா என்று, தானியம் கொட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளும் எளிய முறை ஆகும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பைக்குச் சில நிமிடங்களே ஆகும். பூச்சிமருந்து கலக்காமல் பயறு, மக்காச்சோளம், நெல், விதைத் தானியம் ஆகியவற்றைப் பல மாதங்கள் காப்பது இப்பைகளின் பணி. அப்பணி முழுவதும் உள்ளுறையில் ஓட்டை இல்லாதிருப்பதைச் சார்ந்தது.

பையின் அமைப்பு

பரவலாகப் பயன்படும் வகை மூன்று அடுக்குகள் கொண்டது. வெளியே இருப்பது உரச்சாக்கைப் போல, பாலிப்ரொப்பிலீன் நாடாக்களால் நெய்த சாக்கு. அதனுள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலித்தீன் உறைகள் இருக்கும். ஒவ்வோர் உறையும் ஏறத்தாழ 80 மைக்ரான், அதாவது 0.08 மி.மீ. தடிமன் உடையது. 50 கிலோ, 100 கிலோ அளவுகளில் இவை கிடைக்கின்றன. ஒரே உள்ளுறையை ஏற்கெனவே உள்ள சாக்கினுள் வைத்துப் பயன்படுத்தும் வகையும் உண்டு. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் நெல்லுக்காகப் பரப்பிய ‘சூப்பர் பேக்’ இவ்வகையைச் சேர்ந்தது.

நெய்த சாக்கு காற்றைத் தடுப்பதில்லை. நாடாக்களுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும். எடையைத் தாங்குவதும் உறைகளை உராய்விலிருந்து காப்பதுமே அதன் வேலை. காற்றைத் தடுப்பவை உள்ளுறைகள். ஆகவே சாக்கு புதிதாக, கிழிசல் இன்றி இருப்பதை வைத்து மட்டும் பை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது.

தோற்றம்

மூன்றடுக்குப் பை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காராமணி (தட்டைப்பயறு) உழவர்களுக்காக உருவானது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் லாரி மர்டாக்கும் கேமரூன் நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து இம்முறையை வடிவமைத்தனர். அறுவடையான காராமணியைப் பயறு வண்டு சில மாதங்களில் உளுக்கச் செய்துவிடும். அதற்கு அஞ்சி உழவர்கள் விலை மிகக் குறைவாக உள்ள அறுவடைக் காலத்திலேயே விற்றுவிடுவர். பின்னர் உணவுக்கும் விதைக்கும் அதே பயறைக் கூடுதல் விலைக்கு வாங்குவர். 2007 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் இப்பைகள் பல நாடுகளில் பரப்பப்பட்டன. தமிழ்நாட்டில் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றைத் துளைப்பவையும் இதே பயறு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஓட்டை ஏன் கேடு விளைவிக்கிறது

பயறு வண்டு பெரும்பாலும் வயலிலிருந்தே தானியத்துடன் வந்துவிடுகிறது. பெண் வண்டு பயறின் தோலில் முட்டையை ஒட்டி வைக்கும். புழு உள்ளே துளைத்துச் சென்று பருப்பைத் தின்று வளரும். வெப்பமான சூழலில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வண்டு வெளிவரும். மூட்டை கட்டும் நாளில் கண்ணுக்கு வண்டே தென்படாவிட்டாலும் பயறுக்குள் புழு இருக்கக்கூடும்.

காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிசன் உள்ளது. நன்றாக மூடிய பையில் பூச்சிகளும் தானியமும் மூச்சு விடுவதால் ஆக்சிசன் படிப்படியாகக் குறையும். கார்பன் டைஆக்சைடு கூடும். ஆக்சிசன் 5 விழுக்காட்டுக்குக் கீழே செல்லும்போது பூச்சிகள் தின்பதையும் வளர்வதையும் நிறுத்திவிடுகின்றன. உலர்ந்த பயறுக்குள் வாழும் புழு தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை, தின்ற உணவை ஆக்சிசனைக் கொண்டு எரிப்பதன் மூலமே பெறுகிறது. ஆக்சிசன் இல்லையென்றால் அதற்கு நீரும் இல்லை. எனவே பைக்குள் வண்டுகள் மூச்சுத் திணறலால் மட்டுமன்றி, உடல் வறண்டும் இறக்கின்றன.

உறையில் ஒரு பொத்தல் இருந்தால் வெளிக்காற்று தொடர்ந்து உள்ளே வரும். அந்தப் பொத்தலை ஒட்டிய பகுதியில் வண்டுகள் பிழைத்துக்கொள்ளும். ஓட்டை பெரிதாக இருந்தால் பை முழுவதுமே சாதாரணச் சாக்கைப் போல ஆகிவிடும். மழைக்காலத்தில் ஈரக்காற்றும் அவ்வழியே நுழையும். மருந்து கலக்காத தானியம் என்பதால் பூச்சிக்கு வேறு தடையும் இல்லை. பல மாதங்கள் கழித்துப் பையைத் திறக்கும்போதுதான் இழப்பு தெரியவரும். விதைத் தானியமாக இருந்தால் விதைப்புக்கு முன் ஈடுசெய்யக் காலமும் இருக்காது.

சோதனை செய்யும் முறை

காற்றாடி ஓடாத, சத்தம் குறைந்த இடத்தில், கூரான பொருள்கள் இல்லாத சுத்தமான தரையில் செய்ய வேண்டும். இரண்டு உறைகளையும் சாக்கிலிருந்து எடுத்துத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தே சோதித்தால் எந்த உறையில் ஓட்டை என்று தெரியாது.

1. உறையின் வாயை இரு கைகளாலும் அகல விரித்துப் பிடித்து, காற்றை வாரி எடுப்பது போல வீச வேண்டும். உறை உப்பியதும் வாயைச் சட்டென்று ஒன்று சேர்க்க வேண்டும்.

2. வாய்ப்பகுதியை நன்றாக முறுக்கி, ஒரு கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

3. மற்றொரு கையால் உறையை மெல்ல அழுத்த வேண்டும். அதன் மேல் உட்காருவதோ மிதிப்பதோ கூடாது. நல்ல உறையும் கிழிந்துவிடும்.

4. காற்று சீறும் ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு கன்னத்தை உறைக்கு அருகில் கொண்டுசென்று அடிப்பகுதி, பக்கங்கள், மூலைகள் எனச் சுற்றிவர வேண்டும். உள்ளங்கைக்குத் தெரியாத மெல்லிய காற்றும் கன்னத்திற்குத் தெரியும்.

5. அழுத்திய நிலையிலேயே ஓரிரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். உறை அதே உப்பலுடன் இருந்தால் நல்லது. தளர்ந்தால் முதலில் வாயை இன்னும் இறுக்கமாக முறுக்கி மீண்டும் பார்க்க வேண்டும். மறுமுறையும் தளர்ந்தால் எங்கோ ஓட்டை உள்ளது.

இருவர் சேர்ந்து செய்தால் ஒருவர் அழுத்த, மற்றவர் ஓட்டையைத் தேடலாம். இடம் பிடிபடவில்லையென்றால் உறையை வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பார்க்கலாம். பொத்தல் ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஐயமுள்ள இடத்தில் வெளிப்புறமாகச் சோப்பு நீரைத் தடவி அழுத்தினால் குமிழி வரும். அவ்வாறு செய்த உறையைத் துடைத்து, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகே தானியம் கொட்ட வேண்டும்.

ஓட்டை விழும் இடங்கள்

புதிய உறைகளில் அடிப்பக்க ஒட்டு சரியாக அமையாதிருக்கலாம். பழைய உறைகளில் மடிப்புக் கோடுகளும் மூலைகளும் முதலில் தேயும். நெல்லின் கூரான முனை, காம்பு, கல் ஆகியவை உள்ளிருந்து குத்தும். தானியத் துளைப்பான் போன்ற சில வண்டுகள் பாலித்தீனையே துளைக்க வல்லவை. வெளியிலிருந்து வரும் பெரிய ஆபத்து எலி. சாக்கின் உட்புறத்தில் கம்பித்துண்டு, தையல் ஊசியின் முறிந்த முனை, கெட்டியான நூல் முடிச்சு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் இச்சோதனையின் ஒரு பகுதியே.

ஓட்டை இருந்தால்

சிறு பொத்தலாக இருந்தால் அவ்விடத்தைச் சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த பின் உறுதியான ஒட்டுநாடாவை இருபுறமும் ஒட்டலாம். ஒட்டிய பிறகு மீண்டும் காற்றடைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை வாய்ப்பகுதிக்கு அருகே இருந்தால், அதற்குக் கீழே கட்டு விழும்படி தானியத்தைக் குறைத்துக் கொட்டலாம். ஒட்டு விட்டுப்போன உறையையும், பல இடங்களில் பொத்தல் விழுந்த உறையையும் மாற்றிவிடுவதே சரி.

இரண்டு உறைகளில் ஒன்று முழுதாக இருந்தாலும் பை காற்றைத் தடுக்கும். ஆனால் அந்த ஓர் உறைக்கும் கேடு வந்தால் வேறு காப்பு இல்லை. அத்தகைய பையில் விரைவில் பயன்படுத்த உள்ள தானியத்தை வைக்கலாம். விதையை வைக்கக் கூடாது.

கசிவுச் சோதனை காட்டாதது

பை காற்றுப்புகாததாக இருப்பது மட்டும் போதாது. ஈரமான தானியத்தை இதில் கட்டினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்கும். தானியத்தின் ஈரப்பதம் 12 முதல் 13 விழுக்காட்டுக்கு மேல் இல்லாதிருப்பது நல்லது. ஈரமானி இல்லாதவர்கள் உப்பைக் கொண்டு பார்க்கலாம். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு மூன்று தேக்கரண்டி உலர்ந்த தூள் உப்பும் இட்டு நன்றாகக் குலுக்கி, சிறிது நேரம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது. இன்னும் காயவைக்க வேண்டும். ஒட்டவில்லை என்றாலும் ஓரிரு வெயில் கூடுதலாகக் காயவைத்துக் கட்டுவது பாதுகாப்பானது.

கட்டுதலும் பின்கண்காணிப்பும்

தானியத்தைப் புடைத்து, சூடு ஆறிய பிறகு கொட்ட வேண்டும். கொட்டக் கொட்டப் பையைக் குலுக்கி, இடையே காற்று தங்காமல் செய்ய வேண்டும். வாயில் ஒரு முழ அளவு விட்டு, உள்ளுறையின் காற்றை அழுத்தி வெளியேற்றி முறுக்கி, முறுக்கிய கழுத்தை வளைத்து மடித்து இறுகக் கட்ட வேண்டும். நடு உறையையும் பின்னர் சாக்கையும் அதே போலத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஓட்டை இல்லாத உறையும் தளர்ந்த கட்டால் பயனற்றுப் போகும்.

பையைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் வைத்து, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதங்களாவது திறக்காதிருப்பது நல்லது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய ஆக்சிசன் உள்ளே போகிறது. திறக்காமலே வெளிப்புறத்தைப் பார்க்கலாம். சாக்கில் எலி கடித்த அடையாளம், பையின் அடியில் மாவு போன்ற தூள், சாக்குக்கும் உறைக்கும் இடையே உயிருள்ள வண்டு ஆகியவை ஓட்டையின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் பையைப் பிரித்து, தானியத்தைச் சலித்துக் காயவைத்து, சோதித்த வேறு பைக்கு மாற்ற வேண்டும். இந்நிலையில் பலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துகின்றனர். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு உயிரைப் பறிக்கும் நஞ்சு. மக்கள் குடியிருக்கும் இடத்தில் அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

ஓட்டை விழாத வரை ஒரே பையை அடுத்தடுத்த பருவங்களுக்கும் பயன்படுத்தலாம். உறைகளை உட்புறம் வெளியாகத் திருப்பி உதறி, மடிப்புகளில் ஒளிந்துள்ள வண்டுகளை நீக்கி, எலி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை நிரப்புவதற்கு முன்பும் காற்றடைத்துப் பார்ப்பது கட்டாயம்.