ஊர் ஊராகப் போய் வேலை செய்பவருக்கு எந்த டிஜிட்டல் வங்கி?

மலேசியாவில் டிஜிட்டல் வங்கி என்பது, ஊருக்கு ஊர் கிளை வைக்காமல் கைப்பேசிச் செயலி வழியாகவே கணக்குத் திறப்பது முதல் கடன் கொடுப்பது வரை எல்லாவற்றையும் நடத்த உரிமம் பெற்ற வங்கி. 2022 ஏப்ரல் 29ஆம் நாள் ஐந்து கூட்டமைப்புகளுக்கு அந்த உரிமம் அறிவிக்கப்பட்டது. அவற்றில் கிராப் குழுமத்தின் ஜிஎக்ஸ் வங்கி 2023 நவம்பரில் பொதுமக்களுக்கு முதலில் கதவைத் திறந்தது. இஸ்லாமிய முறையில் இயங்கும் ஏயோன் வங்கி 2024 மே மாதமும், ஆர்எச்பி வங்கியோடு சேர்ந்த பூஸ்ட் வங்கி அடுத்த மாதமும் வந்தன. வைடிஎல்–சீ கூட்டணியின் ரைட் வங்கி 2025இல் தொடங்கியது. தொடக்கக் கட்டத்தில் இவ்வங்கிகளின் மொத்தச் சொத்து 300 கோடி ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. இவை இன்னும் இளம் வங்கிகள்; பழைய வங்கிகள் தரும் எல்லாச் சேவையையும் இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

ஜொகூரில் இந்தத் தேர்வுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஸ்கூடாயிலோ மாசாயிலோ குடியிருந்துகொண்டு சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலையோ கணக்கு வேலையோ மென்பொருள் வேலையோ செய்பவர், சம்பளத்தை ஒரு நாணயத்தில் வாங்கி, வீட்டு வாடகையை இன்னொன்றில் கட்டுகிறார். மடிக்கணினியோடு ஒரு மாதம் பேங்காக்கிலோ சென்னையிலோ இருந்து வேலை பார்த்தால் மூன்றாவது நாணயமும் சேர்ந்துகொள்கிறது.

பணத்தை உண்மையில் யார் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற டிஜிட்டல் வங்கியில் போட்ட பணத்துக்கு, மற்ற வங்கிகளைப் போலவே, பிஐடிஎம் எனப்படும் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு அளிக்கிறது. டச் என் கோ போன்ற இ-வாலட்டில் கிடக்கும் பணத்துக்கு இந்தக் காப்புறுதி இல்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்குப் பலரும் பயன்படுத்தும் வைஸ் நிறுவனமும் மலேசியாவில் வங்கி அல்ல. அங்குள்ள இருப்புக்கும் பிஐடிஎம் பொறுப்பேற்காது. எல்லைக்கு அப்பால், சிங்கப்பூர் வங்கிகளில் போடும் சிங்கப்பூர் வெள்ளிக்கு அந்நாட்டுக் காப்புறுதி 2024 ஏப்ரல் முதல் 1,00,000 வெள்ளி வரை உண்டு. செயலிகள் எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. வைஸும் இ-வாலட்டும் பணம் கடந்து போகும் வழிக்கு நல்லவை. மாதக்கணக்கில் சேமிப்பு தங்க வேண்டிய இடம் வங்கிதான்.

அடுத்தது நாணய மாற்று. விளம்பரங்கள் வட்டி விகிதத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகின்றன. பயணத்தில் வாழ்பவருக்கு அது சின்ன விஷயம். பத்தாயிரம் ரிங்கிட் சேமிப்பில் ஒரு விழுக்காடு வட்டி கூடினால் ஆண்டுக்கு 100 ரிங்கிட். மாதம் 3,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளத்தை மாற்றும்போது ஒரு விழுக்காடு குறைவாகக் கிடைத்தால் மாதம் 30 வெள்ளி, ஆண்டுக்கு 360 வெள்ளி போய்விடும். ரிங்கிட்டில் அது ஆயிரத்துக்கும் மேல். ஆகவே கணக்குத் திறக்கும் முன், அதே நாளில் அதே தொகைக்கு இரண்டு மூன்று வழிகளில் கடைசியாகக் கையில் வரும் ரிங்கிட் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கட்டணம் இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மாற்று விகிதத்திலேயே அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

மலேசிய டிஜிட்டல் வங்கிகள் அடிப்படையில் ரிங்கிட் கணக்குகளையே தருகின்றன. சிங்கப்பூர் வெள்ளியை அப்படியே வைத்திருக்க விரும்புபவருக்கு அந்நியச் செலாவணிக் கணக்கு தரும் பழைய வங்கியோ சிங்கப்பூர்க் கணக்கோ தேவைப்படும். தனிநபர்கள் இரு நாடுகளுக்கிடையே சிறு தொகையை உடனுக்குடன் அனுப்ப, 2023 நவம்பரில் டூயிட்நவ்–பேநவ் இணைப்பு வந்தது. கைப்பேசி எண்ணை வைத்தே அனுப்பலாம். ஆனால் எல்லா வங்கியும் அதில் சேர்ந்திருக்கவில்லை; தேர்ந்தெடுக்கும் வங்கி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டையைத் தேய்க்கும் இடத்திலும் ஒரு பொறி உண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஏடிஎம் இயந்திரமோ கடையின் அட்டை இயந்திரமோ, "ரிங்கிட்டில் கழிக்கவா, சிங்கப்பூர் வெள்ளியில் கழிக்கவா?" என்று கேட்கும். பழகிய நாணயம் என்பதால் விரல் ரிங்கிட்டைத்தான் தேடும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் உரிமையாளரே நிர்ணயிப்பார்; அது பெரும்பாலும் நட்டம். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துவது நல்லது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியச் செயலிகள் சிலவற்றைக் கொண்டே கடையின் கியூஆர் குறியை வருடிப் பணம் கட்ட முடிகிறது. பசியாற உணவுக்கடைக்குப் போகிறவருக்கு அட்டையைவிட இதுதான் உதவும்.

பலரும் யோசிக்காமல் விடுவது, கைப்பேசி தொலைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான். கிளை இல்லாத வங்கிக்குக் கைப்பேசியே சாவி. மோசடிகள் பெருகியதால் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா கடுமையான விதிகளை அறிவித்தது: குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும், ஒருவருக்கு ஒரு கருவியில் மட்டுமே ஒப்புதல், புதிய கருவியைப் பதிந்தால் காத்திருப்பு நேரம். திருடனைத் தடுக்கும் இதே விதிகள், ஹோ சி மின் நகரில் கைப்பேசியைப் பறிகொடுத்த கணக்குக்காரரையும் பணமில்லாமல் நிறுத்திவிடும். எனவே மலேசிய சிம் அட்டையைக் காலாவதியாக விடக்கூடாது. கைப்பேசியை மாற்றுவதென்றால் புறப்படும் முன்பே மாற்றிப் பதிந்துவிட வேண்டும். மோசடி நடந்தால் அழைக்கும் 997 போன்ற குறுகிய எண்கள் வெளிநாட்டில் பொதுவாக வேலை செய்யாது. வங்கியின் முழு எண்ணையும் தாளில் எழுதிப் பையில் வைத்திருப்பது அவசியம்.

கணக்குத் திறப்பது மைகார்டு உள்ளவருக்குச் சில நிமிட வேலை: அடையாள அட்டையின் படம், முகப்படம், கைப்பேசி எண். மலேசியாவின் டிஈ ரந்தாவ் அனுமதியில் வந்து தங்கும் வெளிநாட்டுத் தொலைப் பணியாளருக்கு இந்த வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர் கடப்பிதழையும் அனுமதியையும் எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவில் பழைய வங்கியின் கிளையைத்தான் நாட வேண்டியிருக்கும்.

உள்ளூர்க்காரரும் பழைய வங்கிக் கணக்கை மூடிவிடக்கூடாது. விசா விண்ணப்பத்துக்கு முத்திரையிட்ட கணக்கறிக்கை கேட்கும் தூதரகங்கள் உண்டு. வீட்டுக்கடனுக்கு நேரில் பேச வேண்டிய நாளும் வரும். சம்பளமும் சேமிப்பும் பழைய வங்கியில், பயணச் செலவுக்கு அளவாக டிஜிட்டல் வங்கியில், இரண்டு அட்டைகளும் வெவ்வேறு பைகளில் என்று வைத்துக்கொண்டால், ஒன்று முடங்கினாலும் மற்றொன்றை வைத்து ஊர் திரும்பலாம்.