பன்பாயும் ஒரு பழஞ்சாரமும் போதும்

மாரி கொட்டத் தொடங்கினால் வாவியின் இரு கரையிலும் பிள்ளைகளுக்கு முற்றம் இல்லாமற் போகிறது. சொந்த வீடென்றால் ஒரு தாழ்வாரமாவது இருக்கும். பாடசாலை மண்டபத்திலோ தகரக் கொட்டிலிலோ நாலைந்து குடும்பங்கள் ஒதுங்கியிருக்கையில், “ஓடாதே, கத்தாதே, அங்கே போகாதே” என்பதைத் தவிர அவர்கள் வேறு சொல் கேட்பதில்லை. 1990இலும், வாகரை மக்கள் 2006, 2007இல் இடம்பெயர்ந்தபோதும், 2011 தை மாத வெள்ளத்திலும் எம்மவர் கண்டது இதுதான். நிவாரண வரிசையில் நிற்பவரிடம் விளையாட்டைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வரலாம். என்றாலும் பேசத்தான் வேண்டியுள்ளது.

ஆட்டுக்குட்டிகள் ஒன்றையொன்று முட்டித் துள்ளுவதை நாம் தினமும் பார்த்தவர்கள். அவை சண்டை பிடிக்கவில்லை; எவ்வளவு பலத்தைக் காட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று பழகுகின்றன. கட்டிப்புரண்டு விளையாடும் பிள்ளையும் அதையே பழகுகிறது. இதைச் சண்டையிலிருந்து பிரித்தறிவது கடினமன்று. விளையாட்டில் முகம் சிரிக்கும், பலசாலி வேண்டுமென்றே விழுந்து கொடுப்பான், முடிந்த பின்னும் ஒன்றாகவே இருப்பார்கள். சண்டையில் முகம் இறுகும், முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

இடமில்லை என்பீர்கள். இரண்டு பன்பாய் விரிக்கும் இடம் போதும். முதலில் குப்பி விளக்கை உயரத்தில் வையுங்கள், அடுப்பை மறையுங்கள், கத்தி, மண்வெட்டி, தகர விளிம்பு எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு அப்பா நாலு காலில் யானையாகட்டும். பிள்ளைகள் ஏறட்டும், யானை மெதுவாகச் சரிந்து அவர்களைப் பாயில் கொட்டட்டும். உரப்பையில் வைக்கோலோ பழந்துணியோ அடைத்தால் தலையணைச் சண்டைக்கு ஆயுதம் தயார். கைகளைப் பின்னால் கட்டி, ஒற்றைக்காலில் நின்று தோளால் தள்ளும் சேவற்சண்டைக்குப் பாயின் விளிம்பே எல்லை. பிள்ளையைக் கழுத்துவரை பாயில் சுருட்டி உருட்டினால், அது இன்னொருமுறை என்று கேட்காமல் விடாது. தலை மட்டும் வெளியே இருக்க வேண்டும்.

பழஞ்சாரம் ஒன்றை முறுக்கினால் இழுவைப் போட்டி நடத்தலாம். கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி நடத்தும் எம் ஊர்களில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, கொம்பைக் கொளுவி ஊரே இழுத்த கதையை மூத்தவர்கள் இந்த நேரத்தில் சொல்லலாம். அம்மாவும் அம்மம்மாவும் ஒரு பக்கம், அப்பாவும் பிள்ளைகளும் மறுபக்கம் என்றால் யார் வெல்வார்கள் என்று எம்மால் சொல்ல முடியாது. பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் விடாதீர்கள். துள்ளும் ஆசை அவர்களுக்கும் உண்டு.

ஒரு சட்டம் கட்டாயம். யாராவது “போதும்” என்றால் அந்தக் கணமே கை எடுபட வேண்டும், அப்பாவின் கையும்தான். ஷெல்லடியையோ கடலலையையோ கண்ட பிள்ளைக்கு, முகத்தை மூடுவதும் அமுக்கிப் பிடிப்பதும் விளையாட்டாக இராது. அப்படியான பிள்ளை ஒதுங்கி நின்றால் இழுக்க வேண்டாம். சேவற்சண்டைக்கு நடுவராக இருக்கட்டும்; தானாக வரும் நாளில் வரட்டும். கைக்குழந்தையை ஒருபோதும் குலுக்கக் கூடாது, அது மூளையைப் பாதிக்கும். சின்னப் பிள்ளையை ஒற்றைக் கையில் பிடித்துத் தூக்கினால் முழங்கை மூட்டு விலகிவிடும்.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்போருக்கு இரண்டு செய்தி. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 31ஆம் உறுப்புரையில் விளையாட்டை உரிமையாகவே குறிப்பிடுகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. மட்டக்களப்பு நகரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்கு, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கிராமங்களிலிருந்து வந்தார்கள். அங்கே அவர்களுக்கு மருந்தாக அமைந்தவை களிமண்ணும் கதையும் நாடகமும் விளையாட்டும்தான்.

அப்பாமாரிடம் ஒன்று கேட்கிறோம். காணி கைவிட்டுப் போனபின் பேச்சும் குறைந்து, மூலையில் இருந்து சுருட்டுப் பிடிப்பவர் எம்மிடையே பலர். உழவுக்கும் வேலிக்கும் போகாத நாளில், தாம் எதற்கு உதவுவோம் என்ற எண்ணம் அவர்களை அரிக்கிறது. யானையாவதற்குக் காணி உறுதி தேவையில்லை.

நேரத்தையும் சொல்லிவிடுகிறோம். இராச்சாப்பாட்டுக்கு முன்னர் அரை மணித்தியாலம் பொருத்தமானது. சாப்பிட்ட வயிற்றோடு குதித்தால் வாந்திதான். பக்கத்துக் குடும்பம் சத்தத்துக்கு முறைத்தால், அவர்களின் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். பாய் ஒன்று கூடக் கிடைக்கும்.