பல்லுக்கு எட்டாத ஐந்து லட்சம்

கேரள எல்லைத் தமிழர்களின் கையில் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பல் வலித்தால் மட்டும் அது பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

மூணாறு எஸ்டேட் லயங்களில் பல்வலிக்கு முதல் வைத்தியம் கிராம்பு. இரண்டாவது, கடையில் வாங்கும் வலி மாத்திரை. மூன்றாவதுதான் பஸ். பூப்பாறை, போடிமெட்டு வழியாக மலையிறங்கித் தேனிப் பக்கம் போக வேண்டும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிதான் வேண்டுமென்றால் எதிர்த் திசையில் கோட்டயம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போகும். அதனால் கன்னம் வீங்கிய பிறகுதான் பலரும் கிளம்புகிறார்கள். அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய சொத்தைப் பல், அதற்குள் பிடுங்க வேண்டிய பல்லாகியிருக்கும்.

இத்தனைக்கும் கேரளத்தில் சுமார் 42 லட்சம் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சைக்கு வழி உண்டு. 2018 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2019இல் கேரளத்தில் ‘காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி’ என்ற பெயரில் வந்தது. இதய ஆபரேஷன், டயாலிசிஸ், புற்றுநோய் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலைப் புரட்டினால் அங்கே பல் உட்கார்ந்திருக்கிறது. சொத்தை அடைப்பது, ரூட் கெனால், தேய்ந்த பல்லைச் சரிசெய்வது, அழகுக்காகச் செய்வது எதற்கும் இடமில்லை. நோயாலோ காயத்தாலோ வந்ததாக இருந்து, ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் மட்டுமே விலக்கு. ஜீப் கவிழ்ந்து தாடை உடைந்தால் அட்டை வேலை செய்யும். அதே தாடையில் கடைவாய்ப் பல் சொத்தையானால் செய்யாது.

காப்பீட்டுக்காரர்களின் கணக்கு புரியாததல்ல. ஆயிரம் வீட்டில் ஒன்று தீப்பிடிக்கும், மற்றவர்கள் கட்டிய பணத்தில் அதற்கு ஈடு கொடுக்கலாம். பல் விஷயத்தில் ஏறக்குறைய எல்லா வீடும் எரிகிறது. உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக 2022இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பணக்கார நாடுகளும் இங்கேதான் தடுக்கி விழுந்தன. 1948இல் எல்லாம் இலவசம் என்று தொடங்கிய பிரிட்டன், 1951இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றது. அதை எதிர்த்து, திட்டத்தின் தந்தையான அன்யூரின் பெவன் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். அமெரிக்கா 1965இல் முதியோருக்கு மெடிகேர் கொண்டுவந்தபோது வழக்கமான பல் சிகிச்சையை வெளியே நிறுத்தியது.

பாலக்காடு எல்லையில் சிக்கல் வேறு மாதிரி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே கோவைதான். ஆனால் தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழக ரேஷன் கார்டு வேண்டும். பேச்சு தமிழ், கார்டு கேரளம். கஞ்சிக்கோடு ஆலைகளில் ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குப் பல் வைத்தியம் உண்டு. பல்செட் என்று வரும்போது, பல் வேலையிடத்து விபத்தில் போனதா என்ற கேள்வி எழும்.

காசு கட்டி பாலிசி எடுத்தவர்களும் ஏமாறுவது இதே இடத்தில்தான். 1986இல் வந்த மெடிக்ளெய்ம் காலத்திலிருந்தே ஆஸ்பத்திரிப் படுக்கைதான் அளவுகோல். 2020இல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனியில் பல் சிகிச்சை என்ற சொல் இருக்கிறது. அதைப் பார்த்து மகிழ்ந்து நாற்காலியில் சாய்ந்து பல்லை அடைத்துக்கொண்டு பில் அனுப்பினால் திரும்பிவிடும். புறநோயாளி பல் சிகிச்சையைச் சேர்த்துத் தருகிற பாலிசிகளில், ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை மாதக் காத்திருப்பு, எந்த கிளினிக் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்பது நல்லது. ஏஜென்ட் வாயால் சொன்னது கணக்கில் வராது. நியாயமான க்ளெய்மை கம்பெனி மறுத்தால், ஓராண்டுக்குள் கொச்சியிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

இதெல்லாம் பணக் கணக்கு. மலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குளிருக்கும் அலுப்புக்கும் துணையாக வெற்றிலை பாக்கு, கூடவே ஒரு துண்டுப் புகையிலை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தருவதே என்று 2003இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவை முதல் அறிகுறிகள். பல் டாக்டரிடம் போகிறவருக்கு இது தற்செயலாகவாவது கண்ணில் படும். போகாதவருக்கு வலி வந்த பின்புதான் தெரியும். புற்றுநோய் என்று உறுதியான பிறகு ஆபரேஷனுக்கும் கதிர்வீச்சுக்கும் அட்டை பணம் தரும். அதற்கு முந்தைய, வாயைத் திறந்து பார்க்கும் ஐந்து நிமிடம் அதன் கணக்கில் இல்லை.

அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பைச் சொன்னதே கேரளம்தான். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களின் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். பெரிய கருவி எதுவுமில்லை. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது.

பல்லுக்கென்றே கேரள அரசின் திட்டம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் ‘மந்தஹாசம்’. 60 வயது கடந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு சமூக நீதித் துறை பல்செட் கட்ட உதவுகிறது. பல் முழுவதும் போயிருக்க வேண்டும், அல்லது மிச்சமிருப்பவை பிடுங்க வேண்டிய நிலையில் இருப்பதாகப் பல் டாக்டர் எழுதித் தர வேண்டும். ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்கள் விண்ணப்பிக்க முடியாது.