பூனை கடிப்பதற்கு முன் என்ன சொல்கிறது?

இன்று ஜேர்மனியில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பூனைகள் வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. எம்மவர் வீடுகளிலும் பூனை ஒரு குடும்ப அங்கத்தவராகி வருகின்றது. ஊரில் பூனை என்றால் எலி பிடிக்க ஒன்று நிற்கும், மீன் வெட்டும் நேரம் காலடிக்கு வரும், மற்றும்படி அது தன்பாட்டில் திரியும். அதைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் குறைவு. இங்கோ பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய பூனை, குளிர்காலம் முழுவதும் மூன்று அறை வீட்டுக்குள் எம்மோடேயே இருக்கின்றது. அதன் மொழி தெரியாததால் வரும் விளைவுகளை மருத்துவர்களாகிய நாம் அவ்வப்போது காண்கிறோம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தாயார் வலது கையைத் துவாயால் சுற்றிக்கொண்டு எம்மிடம் வந்தார். சனிக்கிழமை மாலை வீட்டுப் பூனை பெருவிரலடியில் கடித்திருக்கிறது. இரண்டு சிறிய துளைகள் மட்டுமே. இரத்தமும் அதிகம் வரவில்லை என்பதால் மஞ்சள் பூசி விட்டுவிட்டார். நாம் பார்த்தபோது கை மணிக்கட்டுவரை சிவந்து வீங்கியிருந்தது. பெருவிரலை மடக்க முடியவில்லை. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அன்றே சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

“சும்மா படுத்திருந்த பூனை டொக்டர், தடவினன், திடீரெண்டு கடிச்சுப்போட்டுது” என்றார் தாயார். கூட வந்த மகள் விடவில்லை. “இல்லை, அம்மா தடவேக்கை அது வாலை அடிச்சுக்கொண்டே இருந்தது. நான் அப்பவே சொன்னனான்.”

மகள் சொன்னதே சரி. பூனை பெரும்பாலும் சொல்லாமல் கடிப்பதில்லை.

நாய் வாலை ஆட்டினால் மகிழ்ச்சி என்று பழகிய நாம் பூனையிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். இங்குதான் முதற் தவறு நேர்கின்றது. பூனை வாலைச் செங்குத்தாக உயர்த்தி, நுனியைச் சற்று வளைத்தபடி உங்களிடம் வந்தால் அது நட்பான வணக்கம்; குட்டிகள் தாயிடம் இப்படித்தான் ஓடிப் போகும். படுத்திருந்தபடி வாலை இருபக்கமும் அடித்தால் அதற்கு எரிச்சல், “போதும்” என்கிறது. தடவும்போது முதுகுத் தோல் துடிப்பது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது என்பனவும் அதே எச்சரிக்கையே. அந்த நேரம் கையை எடுத்துவிட்டால் விடயம் முடிந்தது. வால் மயிர் சிலிர்த்துத் தும்புத்தடி போலப் பருத்திருந்தால் அது பயம். அப்போது கிட்டப் போகாதீர்கள்.

மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது இன்னொரு குழப்பம். அது உங்களை நம்புகிறது என்பது உண்மைதான். ஆனால் வயிற்றைத் தடவச் சொல்லவில்லை. தடவினால் நான்கு கால்களும் பற்களும் ஒன்றாக உங்கள் கையில் இருக்கும்.

காதுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஜேர்மானியரைக் குறிப்பிட வேண்டும். பவுல் லைஹவுசன் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர், கொன்ராட் லோரன்ஸின் மாணவர்; வூப்பெற்றாலில் பணியாற்றியவர். பூனையின் முகத்தில் கோபமும் பயமும் எப்படிக் கலந்து தோன்றும் என்பதை 1950களிலேயே படங்களாக வகைப்படுத்திக் காட்டினார். காதின் பின்புறம் முன்னால் நிற்பவருக்குத் தெரியுமாறு திரும்பியிருந்தால் அது தாக்கத் தயாராகிறது. காதுகள் தலையோடு தட்டையாக அழுந்தி, கண்மணிகள் விரிந்திருந்தால் அது பயந்துபோயிருக்கிறது. மூலையில் அகப்பட்டுப் பயந்த பூனையே மிக மோசமாகக் கடிக்கும். கட்டிலுக்கு அடியில் ஒளித்த பூனையைக் கையை விட்டு இழுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள் எமது பெரியவர்கள். உண்மையில் பூனை உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடினால் அது நிம்மதியாக இருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர் அப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனைகளும் திருப்பிச் சிமிட்டுவது கூடுகிறது என்று காட்டினார்கள். உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். விருந்துக்கு வந்தவர்களில் பூனையே பிடிக்காத மாமாவின் மடியில் அது போய் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்; அவர் ஒருவர்தானே அதைப் பார்க்காமல் இருந்தார்!

இனிக் கடிக்கு வருவோம். பூனைப் பல் ஊசி போன்றது. பாஸ்ரெறெல்லா போன்ற பக்ரீரியாக்களை மூட்டு, தசைநார் வரை ஆழமாகச் செலுத்திவிடும். மேலே தோல் மூடிக்கொள்ள, உள்ளே கிருமி பெருகும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கையில் பூனைக்கடியுடன் வந்த 193 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அறிக்கையில், 57 பேர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது தெரியவந்தது. எனவே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். வார இறுதியானால் 116117 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பார்க்கத் தடுப்பூசிப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். எம்மவரிடையே நீரிழிவு அதிகம். அவர்கள் சிறு கடியையும் அலட்சியம் செய்யக் கூடாது.

ஜேர்மனியில் நரிகள் மூலம் பரவிய விசர்நோய் 2008இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. இலங்கையில் அது இன்னும் இருக்கின்றது. விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் பூனையோ நாயோ கடித்தால் அங்கேயே, அன்றே தடுப்பூசியை ஆரம்பிக்க வேண்டும். திரும்பி வந்து பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பூனை தன் நோயை மறைக்கும். குறுகுறு என்ற ஓசை மகிழ்ச்சியில் மட்டும் வருவதல்ல, வலியிலும் வரும். கூடி விளையாடிய பூனை ஒளிந்துகொண்டால், சாப்பாட்டைத் தொடாவிட்டால், உயரத்துக்குப் பாயாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். முக்கியமாக, ஆண் பூனை மணற்பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வராமல் இருந்தால் சிறுநீர்வழி அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அப்படியானால் இரவென்றாலும் விடியும்வரை காத்திராமல் உடனே கொண்டு செல்ல வேண்டும்.