மழலைக்கு முன்னே மூன்று மாதம்

திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் உரையில் 'புதல்வரைப் பெறுதல்' என்று பெயர். இன்று நம் கைகளில் உள்ள பதிப்புகளில் பெரும்பாலும் 'மக்கட்பேறு' என்றே இருக்கிறது. ஆண், பெண் என்ற பேதம் இல்லாத இந்தப் பெயர்தான் இக்காலத்துக்குப் பொருத்தம். பேறு என்றால் பெறத் தக்க செல்வம். செல்வம் சேர்க்க முன்னேற்பாடு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்தச் செல்வத்துக்கு மட்டும் முன்னேற்பாடு என்று ஒன்று இருப்பதையே பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கல்யாணமாகி ஆறு மாசம் ஆனால் போதும், ஊரிலிருந்து போன் வருகிறது: "என்னம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" உண்டாகிவிட்டால், எதைச் சாப்பிடணும், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். உண்டாவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் எப்படிச் சாப்பிடணும், எப்படி இருக்கணும் என்று சொல்ல ஆள் இல்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நவி மும்பையிலும் புதுக்குடித்தனம் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கோ அம்மாவும் மாமியாரும் ஒரு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பரேலில் தொடங்கிய ஆராய்ச்சி

கர்ப்பத்துக்கான சத்துகளில் இன்று உலகம் முழுவதும் முதலில் சொல்லப்படுவது ஃபோலிக் அமிலம். அந்த ஆராய்ச்சியின் வேர் நம் மும்பையில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இங்கே வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ஒரு வகை ரத்தசோகை வந்தது; உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. காரணம் என்ன என்று கண்டுபிடிக்கத்தான் அவர் பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் பணியாற்றினார். பிறகு நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது.

இது கிருமியால் வருவதல்ல, சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து குறைவதால் வருவது என்று அவர் கண்டார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான சாற்றைக் கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். 1931-ல் இதை அவர் வெளியிட்டார். அந்தச் சத்து 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஃபோலியம்' என்பதிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 'கீரைச் சத்து' என்றே நாம் சொல்லலாம்.

ஏன் முன்கூட்டியே?

கரு உண்டான 28 நாளுக்குள், குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. 28 நாள் என்றால், மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம். பல பெண்கள் 'தள்ளிப்போச்சோ?' என்று சந்தேகப்படுவதே அப்போதுதான். டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டிருக்கும். குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டிலோ மூளையிலோ பெருங்குறை ஏற்படும்.

இப்படி ஒரு குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்கு, கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஏழு நாடுகளில் நடந்து 1991-ல் வெளியானது. மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. எனவேதான், குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த நாளிலிருந்தே, கருத்தரிப்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பாகவே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதமும் அதைத் தொடரணும். முந்தைய குழந்தைக்குக் குறை இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இதைவிடக் கூடுதல் அளவு வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் தீர்மானிக்கணும். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கக்கூடாது.

மாத்திரை இருக்கும்போது கீரை எதற்கு என்று கேட்கலாம். மாத்திரையில் ஒரு சத்துதான். கீரையிலும் பயறிலும் இரும்பு, நார், புரதம் எல்லாம் கலந்து வருகின்றன.

மும்பைச் சந்தையில் நம் சமையல்

"இங்கே நம்ம ஊர்க் கீரை எங்கே கிடைக்குது?" என்ற அலுப்பை அடிக்கடி கேட்கிறோம். கிடைக்கிறது, பெயர்தான் வேறு. 'லால் மாட்' என்று விற்பது நம் சிவப்புத் தண்டுக்கீரை. 'அம்பாடி' நம் புளிச்சக்கீரை. 'மேத்தி' வெந்தயக்கீரை. 'சேவ்கா' என்று கேட்டால் முருங்கை. அதன் இலையையும் மராட்டியர் வதக்கிச் சாப்பிடுவார்கள். கீரையைக் கழுவிய பிறகு நறுக்கி, கொஞ்சத் தண்ணீரில் சீக்கிரமாக வேகவைத்து இறக்கணும். ரொம்ப நேரம் கொதித்தால் ஃபோலிக் சத்து அழியும். கொதித்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். கூட்டு, மசியல், சாம்பார் என்று தண்ணீரோடு சேர்த்துச் சாப்பிடும் நம் பழக்கம் நல்ல பழக்கம்.

'நாச்னி' நம் கேழ்வரகு. 'பாஜ்ரி' நம் கம்பு. இரண்டு வேளை வெள்ளைச் சோறு என்பதை ஒரு வேளையாக்கி, மறுவேளை பாக்ரியோ கேழ்வரகு தோசையோ சாப்பிடலாம். முளைகட்டிய 'மட்கி' (நம் நரிப்பயறு) வாங்கி ஊசல் செய்து, மேலே எலுமிச்சம்பழம் பிழிவது இந்த ஊர் வழக்கம். இதில் அறிவியலும் இருக்கிறது: முளைகட்டுவதாலும் எலுமிச்சையின் வைட்டமின் சி-யாலும் பயறில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

இரும்பு ஏன் முக்கியம்? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தக் குறைவோடு கர்ப்பத்தைத் தொடங்கினால், ஒன்பது மாதத்தில் அதை எட்டிப்பிடிப்பது கஷ்டம். சாப்பிட்ட கையோடு கட்டிங் சாய் குடிக்கும் பழக்கமும் இதைக் கெடுக்கிறது. டீயும் காபியும் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஃபில்டர் காபிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: காஃபீன் நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கணும். சின்ன டம்ளரில் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சைவக் குடும்பங்களில் பி-12 குறைவு சாதாரணம். பால், தயிர், மோர் தினமும் இருக்கட்டும். ஒரு தடவை ரத்தத்தில் அளவையும் பார்த்துவிடுங்கள். பி-12 குறைவை ஃபோலிக் மாத்திரை மறைத்துவிடக்கூடும் என்பதால் இது அவசியம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி (இங்கே 'தார்லி'), கானாங்கெளுத்தி ('பாங்டா') இரண்டும் அருமை. பாதரசம் அதிகம் சேரும் சுறாவை ('மோரி') மட்டும் தவிர்க்கணும்.

ஊர்ப் பேச்சும் உண்மையும்

பப்பாளி, எள் சாப்பிட்டால் கரு தங்காது என்று பயமுறுத்துவார்கள். நன்கு பழுத்த பப்பாளியாலோ ஓர் எள்ளுருண்டையாலோ கருத்தரிப்பு தடைப்படாது. கர்ப்பமானபின் பால் வடியும் பப்பாளிக் காயைத் தவிர்த்தால் போதும்.

'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று விரதம் இருப்பவர்கள் நம்மில் நிறைய. நல்ல உடம்புக்கு ஒரு நாள் விரதத்தால் கெடுதல் இல்லை. ஆனால் ரத்தசோகையோ சர்க்கரையோ உள்ளவர்கள், வேலைக்கும் போய்க்கொண்டு ஆறு நாளும் பாலை மட்டும் குடித்திருப்பது சரியல்ல. பழம், சுண்டல் என்று சேர்த்துக்கொண்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்ற நேர்ப்பொருளும் உண்மைதானே!

எடையையும் பார்க்கணும். இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 18.5 முதல் 23-க்குள் இருப்பது நல்லது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 45 முதல் 55 கிலோ. சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் பிரச்சினையால் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கு எடை அதிகமிருந்தால், அதில் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது வெறும் மூன்றரைக் கிலோ. பட்டினி கிடந்து அல்ல; வடா பாவைக் குறைத்து, தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்து.

நாட்கணக்கு

கருமுட்டை வெளியான பிறகு அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். எனவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், ஆக ஆறு நாளே கருத்தரிக்க ஏற்றவை. முட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாள் சுழற்சிக்கு அது 14-ம் நாள்; 35 நாள் சுழற்சிக்கு 21-ம் நாள். எல்லோருக்கும் 14-ம் நாள் என்று எண்ணுவது தப்புக்கணக்கு.

காலண்டரில் வட்டம் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் கூடி இருந்தாலே அந்த ஆறு நாள் தானாக வந்துவிடும். இந்த ஊரில் சிக்கல் வேறு. ஒருவருக்கு நைட் ஷிப்ட், மற்றவருக்குக் காலை விரார் லோக்கல். ஒரே வீட்டில் இருந்தும் சந்திப்பது ஞாயிற்றுக்கிழமைதான். 'இன்னும் ஆகலையே' என்று வரும் சில தம்பதியருக்கு மருந்தைவிட ஷிப்ட் மாற்றமே முதல் தேவை.

ஆம்பிளைக்கும் பங்கு உண்டு

குழந்தை தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவது பெண்தான். ஸ்கேன், ஊசி, பரிகாரம், பழிச்சொல் எல்லாம் அவள் தலையில். ஆணுக்கான விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். முதல் தடவை குறைவாக வந்தால் பயப்படாமல் மறுபடி பார்க்கணும். இடையில் வந்த கடும் காய்ச்சல்கூட அளவைக் குறைத்திருக்கலாம்.

விந்தணு உருவாகி முதிரச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். இன்று விட்ட சிகரெட்டின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். தலைப்பில் சொன்ன மூன்று மாதம் ஆணுக்கும் சேர்த்துத்தான். மகாராஷ்டிரத்தில் குட்கா 2012-ல் தடை செய்யப்பட்டும், வாயில் அடக்கும் புகையிலைப் பழக்கம் ஒழியவில்லை, அதை விடணும். மதுவையும் விடணும். மடிக்கணினியை மடியில் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்வதால் விரைப்பையின் சூடு ஏறும், மேஜையில் வையுங்கள். ஜிம்மில் உடம்பு ஏற்ற ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தி நின்றேகூடப் போகலாம்.

முன்பே செய்ய வேண்டிய சோதனைகள்

ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ள பெண்கள் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யை 6.5-க்குக் கீழே கொண்டுவந்தபின் கருத்தரிப்பது பாதுகாப்பு. ருபெல்லா அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் பொறுக்கணும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான எச்பிஏ2 பரிசோதனையும் நல்லது. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் மணந்தவர்கள், குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால் மரபியல் ஆலோசனை கேட்பது அவசியம். தினம் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எப்போது டாக்டர்?

முயன்ற ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட தம்பதியருக்குக் கரு உண்டாகிவிடுகிறது. எனவே ஆறு மாசத்தில் பதற்றம் வேண்டாம். ஓர் ஆண்டு ஆகியும் இல்லையென்றால் இருவரும் சேர்ந்து போகணும். பெண்ணுக்கு வயது 35 ஆகியிருந்தால் ஆறு மாதமே கெடு. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் காத்திருக்கவே வேண்டாம்.

வைத்தியத்துக்கும் இந்த நகரம் முன்னோடிதான். 1986 ஆகஸ்டில், அதே பரேலில் உள்ள கேஇஎம் ஆஸ்பத்திரியில், டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் முயற்சியில் சோதனைக்குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்று தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையங்கள். 2021-ல் வந்த சட்டப்படி அவை பதிவு பெற்றிருக்கணும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஆண் குழந்தையாகத் தேர்ந்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அது சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக நம் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருமகளிடம் மாதாமாதம் விசாரிப்பதை விட்டு, ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவாருங்கள். மகனிடம் சிகரெட்டை விடச் சொல்லுங்கள். பரிசோதனை என்றால் அவனையும் கூடவே அனுப்புங்கள். எல்லாம் செய்தும் சிலருக்குக் குழந்தை வாய்க்காமல் போகலாம். அதனால் அந்தப் பெண்ணின் மதிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறைவதில்லை. நம் குடும்பங்கள் இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டாலே, இந்த ஊரில் பல வீடுகளில் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கும்.